ஒழுங்கைகளின் அமைதி: இங்கிலாந்து மலைநாட்டில் மிதிவண்டி சென்ற வழி



கோடை விடுமுறையில் டார்பிஷயரின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குச் சென்று வரும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. எம்1 நெடுஞ்சாலையை விட்டிறங்கி, பேக்வெல்லிலோ காசில்டனிலோ வாகனத் தரிப்பிடம் தேடி அரைமணி நேரம் சுற்றி, ஆற்றங்கரையில் படம் எடுத்து, மாலை நெரிசலில் வீடு திரும்புகிறோம். அந்த நெரிசலில் நின்றபோது உங்கள் இடப்பக்கத்தில் கல்மதில்களுக்கு நடுவே ஒரு சிறு வழி மேட்டில் ஏறி மறைந்திருக்கும். அதில் அந்த நேரத்தில் ஒரு வாகனமும் இருந்திராது. இந்த நீண்ட பதிவு அவ்வழிகளைப் பற்றியது. இங்கிலாந்தின் மலைநாட்டில் மிதிவண்டி ஓட்டுவோர் நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தேடிச் செல்வது அவற்றைத்தான்.

‘லேன்’ என்னும் சொல்லைத் தமிழகத்து நண்பர்கள் சந்து என்றோ குறுகலான சாலை என்றோ பெயர்ப்பார்கள். இருபுறமும் வேலியோ மதிலோ நிற்க, ஒரு வண்டி போகும் அகலத்தில் வளைந்து வளைந்து செல்வதற்கு யாழ்ப்பாணத்தாரிடம் ‘ஒழுங்கை’ என்ற சொல் இருக்கிறது. அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. எனவே இங்கும் ஒழுங்கை என்றே எழுதுகிறேன்.

அந்த ஒழுங்கைகள் ஏன் வெறுமையாக இருக்கின்றன? கிராமப்புறம் என்பதால் என்று சொல்லிவிடலாம். அது போதிய விடையன்று. டார்பிஷயரைச் சுற்றி ஷெஃபீல்ட், மன்செஸ்டர், நொட்டிங்காம், டார்பி, ஸ்டோக் எனப் பெருநகரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்கிடையே ஓடும் ஏ57, ஏ6, ஏ515 முதலிய வீதிகளில் வாகனங்கள் ஓய்வதில்லை. ஒரே மலைத்தொடரில், இரண்டு கிலோமீற்றர் இடைவெளியில், ஒரு வீதி இரைந்துகொண்டும் மற்றொன்று உறங்கிக்கொண்டும் இருப்பதற்கு வரலாற்றில்தான் காரணம் தேட வேண்டும்.

அந்த வரலாறு பங்கிலிருந்து தொடங்குகிறது. சொல்லலங்காரத்துக்காக இதைக் கூறவில்லை. 1555ஆம் ஆண்டில், முதலாம் மேரி அரசியின் ஆட்சிக் காலத்தில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒரு வீதிச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு பங்கும் தன் எல்லைக்குள் இருக்கும் வீதிகளைத் தானே பேண வேண்டும் என்பது அதன் கட்டளை. உயிர்ப்பு விழா வாரத்தில் பங்கு மக்கள் கூடி வீதி மேற்பார்வையாளர்களைத் தெரிவு செய்ய வேண்டும். திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவுக்கு முன்னதாக, பங்கிலுள்ளோர் நான்கு நாள்கள் கூலியின்றி வீதியில் உழைக்க வேண்டும். நிலமும் வண்டியும் உடையோர் வண்டியையும் ஆட்களையும் அனுப்ப வேண்டும். 1563இல் அந்த நான்கு நாள்கள் ஆறாயின. 1835 வரை, ஏறத்தாழ 280 ஆண்டுகள், இக்கடமை சட்டமாக நீடித்தது. சிரமதானம் என்று நாம் அழைப்பதைச் சட்டத்தின் கட்டாயத்தில் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனமுவந்து செய்தவர்கள் மிகச் சிலரே.

இதன் விளைவைக் கவனியுங்கள். கூலியின்றி உழைக்கும் ஒரு கிராமத்தவன் எந்த வழியைச் சீர்செய்வான்? தன் வீட்டிலிருந்து கோவிலுக்கும், மாவரைக்கும் ஆலைக்கும், வயலுக்கும், சந்தைக்கும் போகும் வழியை. இலண்டனிலிருந்து மன்செஸ்டருக்குப் போகும் வணிகனின் வசதி அவனுக்குப் பொருட்டன்று. ஆகவே பங்கின் வழிகள் தூரம் கடப்பதற்கென அமைந்தவை அல்ல. வயலின் மூலையைச் சுற்றி வளையும். கோவில் வாசலில் நின்று திரும்பும். பங்கின் எல்லையை அடைந்ததும் திசை மாறும். இன்று நாம் காணும் ஒழுங்கைகளின் நெளிவு பெரும்பாலும் அந்த உழைப்பின் தடம். விரைந்து செல்ல விரும்பும் வாகனத்துக்கு அவ்வழி பயனற்றது. அந்தப் பயனின்மைதான் அதைக் காப்பாற்றியது.

மலைநாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை பீக் மலைகளில் சரக்குகள் சக்கரத்தில் போகவில்லை. குதிரை முதுகில் போயின. செஷயரின் உப்பும், மலைச் சுரங்கங்களின் ஈயமும், கம்பளியும், மாவும் பொதிகளாகக் கட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்த குதிரை வரிசைகளில் மலை தாண்டின. ஒரு குதிரை ஏறத்தாழ நூறு கிலோ சுமக்கும். முன் செல்லும் குதிரையின் கழுத்தில் மணிகள் ஒலிக்கும். குறுகிய வழியில் எதிரே வருவோர் ஒதுங்க வேண்டுமே. அவற்றை ஓட்டியவர்களை ‘ஜாகர்’ என்று அழைத்தனர். ஈடேல் பள்ளத்தாக்கின் அருகில் ஜாகர்ஸ் கிளஃப் என்ற ஓடைப்பள்ளம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. குதிரைக்குச் செங்குத்து ஒரு பொருட்டன்று. சதுப்பு நிலம்தான் ஆபத்து. ஆகவே பொதிவழிகள் சேறு நிறைந்த பள்ளத்தாக்கைத் தவிர்த்து, நேரே மேட்டில் ஏறி, முகட்டில் ஓடி, மறுபுறம் நேரே இறங்கின.

மூடுபனியில் அம்முகடுகளில் வழி தவறியோர் பலர். சந்திகளில் வழிகாட்டிக் கம்பங்களை நடுவதற்கு 1697ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் அளித்தது. டார்பிஷயரின் நீதிபதிகள் 1709இல் அதைக் கட்டாயமாக்கினர். சதுரமாகச் செதுக்கிய கற்றூண்; நான்கு பக்கங்களிலும் அண்மையிலுள்ள சந்தைப் பட்டினங்களின் பெயர்கள், செதுக்கியவனின் காதில் விழுந்தவாறே, விந்தையான எழுத்துக்கூட்டலில். அவற்றுள் பல இன்றும் நிற்கின்றன. மிதிவண்டியில் மெதுவாகச் செல்வோர் கண்ணுக்கு அவை படும். காரில் போவோர் அவற்றைக் கண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சக்கரங்கள் மலைக்குள் நுழைந்தபோது எல்லாம் மாறத் தொடங்கியது. பங்கின் கட்டாய உழைப்பால் பெருவீதிகளைப் பேண முடியாதென்று கண்ட பாராளுமன்றம், 1663 முதல், வீதியில் வாயில் அமைத்துச் சுங்கம் வசூலிக்கும் உரிமையை வழங்கத் தொடங்கியது. ‘டர்ன்பைக்’ என்ற இந்த அறக்கட்டளைகள் 1830களில் ஏறத்தாழ ஆயிரமாகப் பெருகி, இருபதாயிரம் மைலுக்கு மேற்பட்ட வீதிகளைத் தம் கையில் வைத்திருந்தன. மீதி, அதாவது நாட்டின் வீதிகளில் ஐந்தில் நான்கு பங்கு, பங்குகளிடமே எஞ்சியது. இந்தப் பிரிவினைதான் இன்றைய இரைச்சலுக்கும் அமைதிக்கும் முதல் கோடு.

இந்தச் சுங்க வீதிகளை அமைத்தோருள் ஒருவரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். யோர்க்ஷயரின் நேர்ஸ்பரோவில் 1717இல் பிறந்த ஜோன் மெட்காஃப், ஆறு வயதில் அம்மை நோயால் இரு கண்களையும் இழந்தார். பிடில் வாசித்தார், குதிரை வணிகம் செய்தார், பயணிகளுக்கு வழிகாட்டியாகவும் இருந்தார். நாற்பது வயது கடந்தபின் வீதி அமைக்கும் ஒப்பந்தங்களை ஏற்கத் தொடங்கி, யோர்க்ஷயர், இலங்காஷயர், டார்பிஷயர் மாவட்டங்களில் ஏறத்தாழ 180 மைல் வீதியை அமைத்து முடித்தார். நீண்ட கோலொன்றை ஊன்றி நிலத்தைச் சோதித்தபடி மலையில் தனியே நடப்பார்; மண்ணின் தன்மையும் சரிவும் அவர் கால்களுக்கும் கோலுக்கும் தெரிந்தன. சதுப்பில் வீதி போடுவதற்குக் காட்டுப் புதர்களைக் கட்டுக்கட்டாகப் பரப்பி அவற்றின்மேல் கல் இட்டார். மற்றப் பொறியியலாளர்கள் ஆகாதென்று கைவிட்ட இடங்களில் அவர் வீதி நின்றது. 1810இல், தொண்ணூறு கடந்து, இறந்தார். கண்ணுள்ளோர் பயணம் செய்யக் கண்ணில்லாதவர் வழி அமைத்த இந்த வரலாற்றை நம் பிள்ளைகளின் பாடநூல்களில் நான் கண்டதில்லை. காண விரும்புகிறேன்.

குதிரை வண்டி செங்குத்தில் ஏறாது. ஆதலால் சுங்க வீதிகள் நாளடைவில் முகடுகளைக் கைவிட்டுப் பள்ளத்தாக்குகளைப் பற்றிக்கொண்டன. ஆரம்பத்தில் அமைத்த சில வீதிகள் பழைய பழக்கத்தில் நேரே மேட்டில் ஏறின. பிற்பாடு அவையும் கைவிடப்பட்டன. 1665இல் கொள்ளைநோய் தொற்றிய ஈயம் கிராமத்துக்கு மேலே சேர் வில்லியம் ஹில் வீதி என்றொன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அது சுங்க வீதி. சுமை வண்டிகளுக்கு அதன் ஏற்றம் ஒவ்வாததால் போக்குவரத்து கீழே இறங்கிவிட, மேற்பகுதி இன்று தாரில்லாத தடமாகக் கிடக்கிறது. ஒரு வழி எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு விரைவில் மறக்கப்பட்டது. மலைநாட்டு ஒழுங்கைகளில் அமைதி வேண்டுமானால் ஏற்றத்தைச் சகித்துக்கொள்ள வேண்டும் என்று மிதிவண்டி ஓட்டுவோர் சொல்வதன் வரலாற்றுப் பின்னணி இதுதான்.

இதன்பின் எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. 1830இல் லிவர்பூல்–மன்செஸ்டர் தொடர்வண்டிப் பாதை திறந்தது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் நெடுந்தூரக் குதிரை வண்டிகள் மறைந்தன. சுங்க அறக்கட்டளைகள் ஒவ்வொன்றாகக் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டன. கடைசி அறக்கட்டளை வேல்ஸின் ஆங்கில்சீ தீவில் 1895இல் முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தின் பெருவீதிகளில் புல் முளைத்தது. வழியோர விடுதிகள் மூடப்பட்டன. ஐம்பது ஆண்டுக் காலம் நாட்டின் வீதிகள் முழுவதுமே, இன்றைய ஒழுங்கைகளைப் போல, வெறுமையாகக் கிடந்தன.

அந்த வெறுமைக்குள் வந்து சேர்ந்ததுதான் துவிச்சக்கர வண்டி. 1878இல் ஹாரகேட்டில் ஒரு மிதிவண்டிப் பயணக் கழகம் தொடங்கப்பட்டது. 1883 முதல் அதன் பெயர் சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப். 1885இல் கொவன்றியைச் சேர்ந்த ஜோன் கெம்ப் ஸ்டார்லி, இன்று நாம் சைக்கிள் என்று அறியும் வடிவத்தை, ஒரே அளவிலான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியுமாக, ‘ரோவர்’ என்னும் பெயரில் செய்தார். 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. அதே ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், மிதிவண்டியும் ஒரு வண்டியே என்று ஏற்றுக்கொண்டு, வீதியில் அதற்குச் சட்டபூர்வ இடம் கொடுத்தது. 1899இல் அக்கழகத்தின் உறுப்பினர் தொகை அறுபதாயிரத்தைக் கடந்தது.

அவர்கள் செய்த பணிகள் வியப்பூட்டுபவை. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் எச்சரிக்கைப் பலகை நாட்டினார்கள். அன்றைய மிதிவண்டிகளின் தடை மிகப் பலவீனமானது. நம்பத்தகுந்த விடுதிகளுக்குச் சிறகு முளைத்த சக்கரச் சின்னத்தைக் கொடுத்தார்கள். பார்த்தலமியூ நிறுவனத்தின் அரை அங்குல வரைபடங்களுக்கு ஒவ்வொரு வீதியின் நிலையையும் ஓட்டிப் பார்த்து எழுதி அனுப்பினார்கள். உயரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் அந்த வரைபடங்கள் ஏற்றத்தை அஞ்சியவர்களுக்கும் ஏற்றத்தை நாடியவர்களுக்கும் ஒருசேரப் பயன்பட்டன. 1886இல் வீதி மேம்பாட்டுச் சங்கம் ஒன்றை நிறுவி, புழுதியும் சேறும் சக்கரத்தடப் பள்ளமுமாகக் கிடந்த வீதிகளைச் செப்பனிடக் கோரித் துண்டறிக்கைகள் அச்சிட்டார்கள். கார்கள் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நல்ல வீதி வேண்டுமென்று குரல் கொடுத்தவர்கள் மிதிவண்டிக்காரர்கள்.

(ஞாயிறு காலையில் இளைஞர்கள் மிதிவண்டியில் மலைக்குப் போய்விடுவதால் ஆலய இருக்கைகள் காலியாகின்றன என்று 1890களில் போதகர்கள் பலர் முறையிட்டனர். அந்த முறையீட்டின் நியாயத்தை நான் உணர்கிறேன். ஆனால் சனிக்கிழமை மாலைத் திருப்பலி என்ற வசதி நமக்கு இருக்கிறது. அவர்களுக்கு அது இல்லை.)

நொட்டிங்காமின் ராலே வீதியில் 1880களில் ஒரு சிறு பட்டறை உருவாயிற்று. அந்த வீதியின் பெயரையே சூடிக்கொண்ட வண்டிதான் நம் தாத்தாமாரின் ‘ரலி’ சைக்கிள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரிலிருந்து ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று வேகக் கியரும் வந்தது. பின்சக்கரத்தின் குடத்துக்குள் மறைந்திருக்கும் அந்தப் பற்சக்கரங்கள்தாம் டார்பிஷயர் ஏற்றங்களைச் சாதாரணத் தொழிலாளிக்கும் எட்டச்செய்தன. வாரம் முழுவதும் ஆலையில் நின்றவர்கள், ஞாயிறன்று ரொட்டியும் தேநீர்ப் போத்தலும் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகும், நோயாளியும், முழுக் குடும்பமும் ஏறிச்சென்ற வண்டிக்கும், இம்மலைகளில் மகிழ்வுலா சென்ற வண்டிக்கும் பிறந்த ஊர் ஒன்றே.

இனி முரண்பாட்டுக்கு வருகிறேன். நொட்டிங்காம்ஷயரின் வீதிப் பொறியியலாளரான எட்கர் பர்னல் ஹூலி, 1901இல் டார்பிஷயரின் டென்பி இரும்பு ஆலை அருகே சென்றபோது, சிந்திய தாரின்மேல் உலைக்கழிவுக் கற்கள் கொட்டப்பட்டிருந்த இடத்தில் வீதி புழுதியின்றி இறுகி மென்மையாக இருப்பதைக் கண்டார். 1902இல் அதற்கு உரிமம் பெற்றார்; நொட்டிங்காமின் ராட்கிளிஃப் வீதி அவ்வகையில் தாரிட்ட முதல் வீதியாயிற்று. மிதிவண்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்த மேற்பரப்பு இதுவே. ஆனால் அது வந்தபோது வேறொருவரும் உடன் வந்தார். மோட்டார் வாகனங்களை நடைவேகத்தில் கட்டிவைத்திருந்த சட்டம் 1896இல் தளர்த்தப்பட்டிருந்தது. மென்மையான தார் வீதி யாருக்காகக் கேட்கப்பட்டதோ, அவர்களையே அது ஓரத்துக்குத் தள்ளியது.

உடனே அல்ல. 1919இல் ஓர்ட்னன்ஸ் சர்வே நிறுவனம் வெளியிட்ட ஓரங்குல வரைபடத்தின் அட்டையில், ஓவியர் எல்லிஸ் மார்ட்டின் வரைந்தது குன்றின்மேல் அமர்ந்து வரைபடம் விரித்துப் பார்க்கும் ஒரு மனிதனை. அருகில் அவனுடைய மிதிவண்டி. நாட்டுப்புறத்தைக் காணச் செல்பவன் மிதிவண்டியில்தான் செல்வான் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 1934இல் இலண்டனின் வெஸ்டர்ன் அவெனியூவில் அரசு தனி மிதிவண்டித் தடம் அமைத்தபோது, அந்தப் பழைய கழகம் அதை எதிர்த்தது. தனித்தடம் கிடைத்தால் வீதியின் உரிமை பறிபோகும் என்று அஞ்சினார்கள். அவர்கள் எடுத்த நிலைப்பாடு சரியானதுதானா என்பது இன்றும் விவாதப் பொருள். தடமும் போதிய அளவு கிடைக்கவில்லை, வீதியும் பாதுகாப்பாக இருக்கவில்லை என்பதே நடந்தது. 1949இல் பிரித்தானியாவில் மிதிவண்டியில் கடந்த தூரம் சுமார் 2,360 கோடி கிலோமீற்றர். 1973இல் அது சுமார் 370 கோடியாகச் சுருங்கிவிட்டது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஒரு வாழ்வுமுறை மறைந்தது.

எஞ்சியவர்கள் எங்கே போனார்கள்? ஒழுங்கைகளுக்கு. 1920களின் தொடக்கத்தில் அரசு வீதிகளுக்கு எண்ணிட்டபோது, பழைய சுங்க வீதிகள் பெரும்பாலும் ‘ஏ’ வரிசையில் சேர்ந்தன. சற்றுக் குறைந்தவை ‘பி’ ஆயின. பங்கு மக்கள் கூலியின்றி உழைத்த ஒழுங்கைகளுக்கு வரைபடத்தில் எண்ணே இல்லை. எண்ணில்லாத வீதியை வாகன ஓட்டி நாடமாட்டார். தார் பூசப்பட்டிருந்தும் வாகனங்கள் வராத ஒரு வலைப்பின்னல் இவ்வாறு எஞ்சியது. அதை எவரும் மிதிவண்டிக்கென்று திட்டமிட்டு அமைக்கவில்லை.

ஆஷ்பர்னிலிருந்து பக்ஸ்டனுக்குச் சென்றால் இதைக் கண்ணாரக் காணலாம். ஏ515 வீதி பல இடங்களில் உரோமானியர் அமைத்த பாதையின் தடத்திலேயே நேராக ஓடுகிறது. கனரக வாகனங்கள் நிறைந்தது. அதன் அருகே பழைய தொடர்வண்டித் தடம். 1960களில் தொடர்வண்டி நின்றபின், 1971இல் திறந்த டிஸிங்டன் பாதை அது. தாரில்லை, வாகனமும் இல்லை, குழந்தைகளோடு செல்ல ஏற்றது. இரண்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு செல்பவை ஒழுங்கைகள். பார்ஸ்லி ஹேயிலிருந்து மொன்யாஷ், ஃபிளாக், செல்மோர்டன் என்று அவற்றைப் பின்தொடருங்கள். ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்தில் இருக்கும் செல்மோர்டனில், வீட்டுக்குப் பின்னே ஒடுங்கி நீண்டு செல்லும் வயல்களைக் காண்பீர்கள். இடைக்காலத்து உழவர்கள் பங்கிட்டு உழுத கீற்று நிலங்களுக்கு அப்படியே மதில் எழுப்பப்பட்டதால் நின்றுவிட்ட வடிவம் அது. வெண்சுண்ணக்கல் மதில்கள், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது கைபிடித்து நிற்க நல்லவை.

சில இடங்களில் மலையே தலையிட்டது. காசில்டனுக்கு மேற்கே வின்னட்ஸ் கணவாயின் ஏற்றம் ஐந்துக்கு ஒன்றுக்கும் மேல். அதைத் தவிர்க்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாம் டோர் மலைச்சரிவில் ஒரு சுங்க வீதி அமைத்தார்கள். பின்னர் அது ஏ625 ஆயிற்று. மாம் டோர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சரிந்துகொண்டிருக்கும் மலை. மழை மிகுந்த ஆண்டுகளில் வீதி உடையும்; திருத்துவார்கள்; மீண்டும் உடையும். 1977இல் ஒருவழியாகக் குறுக்கி, 1979இல் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அடுக்கடுக்காகத் தார் பெயர்ந்து, நடுக்கோடு பாதாளத்தை நோக்கித் தொங்க, அது இன்றும் கிடக்கிறது. நடப்பவர்களும் வண்டியை உருட்டிச் செல்வோரும் மட்டுமே அதில் போகலாம். கார்கள் மீண்டும் பழைய வின்னட்ஸ் வழியே திணறி ஏறுகின்றன.

வேறு சில இடங்களில் மனிதர்களே முடிவெடுத்தார்கள். பீக் டிஸ்ட்ரிக்ட் 1951இல் பிரித்தானியாவின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. மக்கள் காரில் வந்து குவிந்ததில் கொய்ட் பள்ளத்தாக்கு மூச்சுத்திணறியது. 1970இல் வார இறுதிகளில் அங்கே கார்களைத் தடுத்து, சிற்றுந்து விட்டுச் சோதனை செய்தார்கள். டார்வென்ட் பள்ளத்தாக்கிலும், ஃபேர்ஹோம்ஸுக்கு மேலே நீர்த்தேக்கங்களின் ஓரமாகச் செல்லும் வீதி வார இறுதிகளில் கார்களுக்கு மூடப்படுகிறது. ஏற்றம் அதிகமில்லை, குடும்பத்தோடு தொடங்க அதைவிட நல்ல இடம் அப்பகுதியில் இல்லை என்பது என் கருத்து.

அமைதி தானாகவே நிலைக்கும் என்று எண்ண வேண்டாம். எண்ணில்லாத வீதியை ஓட்டுநர் நாடமாட்டார் என்றேன். கைப்பேசி வழிகாட்டிக்கு எண் தேவையில்லை. பெருவீதியில் நெரிசல் என்றால் அது ஒழுங்கைக்குள் திருப்பிவிடுகிறது. அங்கே வேக எல்லை என்ன தெரியுமா? தனிப் பலகை இல்லாத கிராமப்புற ஒற்றை வீதியில், அது மூன்று மீற்றர் அகலமேயானாலும், சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 60 மைல். 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் ‘அமைதி ஒழுங்கை’ என்று சில வழிகளை அறிவிக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. கென்ட், நோர்ஃபோக் மாவட்டங்கள் முன்னோடியாக முயன்றன. பலகை நடப்பட்டது, வேக எல்லை தானாகக் குறைவதில்லை. 2020இல் தேசிய மிதிவண்டி வலைப்பின்னலைப் பேணும் சஸ்ட்ரான்ஸ் அமைப்பு, வாகனம் மிகுந்துவிட்டதென்று தன் பாதைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை நீக்கவோ தரம் மாற்றவோ நேர்ந்தது. நம்முள் கார் ஓட்டாதவர் குறைவு. மதில் மறைக்கும் வளைவில் நாம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறோம் என்பதில் ஒருவருடைய பிள்ளை வீடு திரும்புவது தங்கியிருக்கிறது. முந்தும்போது மிதிவண்டிக்கு ஒன்றரை மீற்றராவது இடம் விட வேண்டும் என்று 2022இல் திருத்தப்பட்ட நெடுஞ்சாலை விதிக்கோவை கூறுகிறது. இடமில்லையேல் பின்னால் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிராமப்புறம் நமக்குரிய இடமன்று, அங்கே போனால் நம்மை வேறாகப் பார்ப்பார்கள் என்று நம் இளையோர் சிலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சட்டம் ஒன்றை ஐயமின்றிச் சொல்கிறது: பொதுவழி அனைவருக்கும் உரியது, ஒருமுறை பொதுவழியானது, சட்டப்படி மூடப்படும்வரை, என்றும் பொதுவழியே. அதில் செல்ல எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குதிரைவழிகளிலும் 1968 முதல் மிதிவண்டி ஓட்ட உரிமை உண்டு. நடைபாதைகளில் அது இல்லை.

இம்மலைகளில் வழிப்பயணம் உயிர்ப்பணயமாக இருந்த காலமும் உண்டு. டைட்ஸ்வெல்லில் பள்ளி ஆசிரியராக இருந்த நிக்கலஸ் கார்லிக், பிரான்சுக்குச் சென்று குருவாகித் திரும்பினார். குருவாக இந்நாட்டில் கால்வைப்பதே அன்று தேசத்துரோகம். 1588 ஜூலை 12இல் அவரும் அருட்தந்தை ரொபர்ட் லட்லமும் பாட்லி மாளிகையில் பிடிபட்டார்கள். 24ஆம் நாள் டார்பியில் கொல்லப்பட்டார்கள். 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களை அருளாளர் ஆக்கினார். மாளிகை இடிந்துவிட்டது. நுழைவாயிற் கட்டடம் நெடுங்காலம் தொழுவமாகக் கிடந்து, பின் சிற்றாலயமாக மீட்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் அங்கே திருயாத்திரை நடைபெறுகிறது. கிரிண்டில்ஃபோர்ட் தொடர்வண்டி நிலையத்திலிருந்து அது சில நிமிட நடையே. டைட்ஸ்வெல்லிலிருந்து லிட்டன், ஃபூலோ, ஈயம் கிராமங்கள் வழியாகவும் ஒழுங்கைகளில் வரலாம்; ஏ623 வீதியைக் கடக்கும் இடத்தில் மட்டும் இறங்கி நின்று பார்த்துக் கடக்க வேண்டும்.

புறப்படுவோர் ஓர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுடையது போதும். சிவப்பு ஏ வீதி, அதைத் தவிருங்கள். மெல்லிய மஞ்சள் கோடுகள் ஒழுங்கைகள். மஞ்சள் கோட்டின்மேல் ஓர் அம்புக்குறி இருந்தால் ஏழுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றம். இரண்டு இருந்தால் ஐந்துக்கு ஒன்றுக்கு மேல். அம்பின் முனை இறக்கத்தை நோக்கியிருக்கும். பேருந்து போல நிமிர்ந்த பழைய வண்டியை வைத்திருப்போர் இரட்டை அம்புள்ள இடத்தில் இறங்கி உருட்டலாம். 1880களில் அந்தக் கழகத்தின் உறுப்பினர்களும் அப்படித்தான் செய்தார்கள். இறங்கும் முன் இரு தடைகளையும் சோதியுங்கள். மழைக்குப்பின் வளைவுகளில் சரளைக்கல்லும் மாட்டுச்சாணமும் கிடக்கும்.